உங்கள் விலாசம் எது, சகோதரி?



குருவிட்ட என்றதும் உங்களில் பலருக்கு இரத்தினக்கல் நினைவுக்கு வரும். கொழும்பிலிருந்து இரத்தினபுரிக்குப் போகும் பெருந்தெருவில், இரத்தினபுரியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் வரும் ஊர். பாவாத மலைக்கு ஏறுபவர்கள் எரத்னைப் பாதைக்குத் திரும்புவதும் இங்கிருந்துதான். ஒரு பக்கம் குரு கங்கை, மறுபக்கம் றப்பரும் தேயிலையும் கலந்த தோட்டங்கள், இடையிடையே சிங்களக் கிராமங்கள், தெருவோரத்தில் நம்மவர்களின் சில கடைகள். நான் மணமுடித்து வந்த ஊர் இது.

என் மாமனாருக்கு இங்கே ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் தகரம் எப்போதும் இருக்கும். புதுமணப் பெண்ணாக வந்த நாட்களில், அதற்குள் பிஸ்கட் இருக்கும் என்று எண்ணித் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்ததெல்லாம் கடிதங்கள். வங்கிக் கடிதம், சவூதியிலிருந்து மகள் எழுதிய கடிதம், பாடசாலைப் பரீட்சை முடிவு, அடையாள அட்டைத் திணைக்களத்தின் உறை. ஒன்றுகூட எங்கள் வீட்டாருக்கு வந்ததல்ல. எல்லாம் தோட்டத்து ஆட்களுக்கு வந்தவை. பெயருக்குக் கீழே இன்னாரின் கடை மூலம் என்று எழுதி, எங்கள் கடை விலாசம் போட்டிருந்தது.

"இவர்களுக்குச் சொந்த விலாசம் இல்லையா மாமா?" என்று கேட்டேன்.

"தோட்டத்துப் பெயருக்கு எழுதினால் கடிதம் ஒப்பீசுக்குப் போகும். அங்கே கிடந்து, ஆள் கண்ணில் பட்டால்தான் கைக்கு வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கிடைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும் மகள்" என்றார்.

அன்று அதை ஒரு பரிதாபமான செய்தியாகத்தான் கேட்டுக்கொண்டேன். விலாசம் என்பது கடிதம் வருவதற்கு மட்டுமல்ல, ஒரு மனிதர் ஊரை ஆளும் சபையில் போய் உட்காரலாமா கூடாதா என்பதையே தீர்மானிப்பது என்று எனக்குப் புரிய இன்னும் பல வருடங்கள் ஆயின. அதுவும் எங்கள் வீட்டிலேயே நடந்த ஒரு காரியத்தால், என் கையாலேயே நடந்த ஒரு தவறால் புரிந்தது.

வெறும் பெயர் போதாது

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், சமையலறையில் அடுப்பைத் தணித்துவிட்டு வாசித்தாலும் சரி.

நம் நாட்டில் பாராளுமன்றத் தேர்தலுக்கு நிற்பவர் அந்த மாவட்டத்தில் குடியிருக்க வேண்டும் என்பதில்லை. அம்பாந்தோட்டைக்காரரான மஹிந்த ராஜபக்ஷ 2015 ஓகஸ்டில் குருநாகல் மாவட்டத்தில் போட்டியிட்டு வென்றது உங்களுக்கு நினைவிருக்கும். யாரும் அவருடைய வீட்டு இலக்கத்தைக் கேட்கவில்லை.

ஆனால் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று வரும்போது கதை வேறு. 1946ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தல்கள் கட்டளைச் சட்டம், இன்றுவரை பல திருத்தங்களோடு நடைமுறையில் இருப்பது, வேட்பாளர் அந்தச் சபையின் எல்லைக்குள் வதிபவராக, அந்த வதிவிடத்தைக் கொண்டே வாக்காளராகப் பதிவு பெறத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும் என்கிறது. மேயர் ஆவதற்கு வேறு குறுக்கு வழியும் கிடையாது. நம் நாட்டில் இப்போது மேயரை மக்கள் தனியாக வாக்களித்துத் தெரிவதில்லை. சபை உறுப்பினர்களுக்குள்ளிருந்துதான் மேயர் வருகிறார். ஆகவே உறுப்பினராக இருக்கத் தகுதியில்லாதவர் மேயராகவும் முடியாது. எங்கள் குருவிட்டவில் இருப்பது பிரதேச சபை என்பதால் மேயருக்குப் பதில் தவிசாளர். பக்கத்து இரத்தினபுரியில் மாநகர சபை, அங்கே மேயர். பெயர் வேறு, விலாச விதி ஒன்றுதான்.

நியாயமான விதிதானே? எங்கள் தெருவின் குப்பையும், கானும், தெரு விளக்கும் எங்கோ இருப்பவருக்கு எப்படித் தெரியும்? குரு கங்கை பெருகி வீட்டு வாசலுக்கு வரும்போது தானும் பாயைச் சுருட்டி மேலே ஏற்றுபவர்தானே அதைப் பற்றிப் பேச வேண்டும்? 2003 மே மாத வெள்ளத்தையும் 2017 மே மாத வெள்ளத்தையும் கண்ட இரத்தினபுரி மாவட்டத்துப் பெண் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

ஆனாலும், வதிபவர் என்றால் யார்? இரவில் எங்கே உறங்குகிறாரோ அதுவா? குடும்பம் இருக்கும் வீடா? இடாப்பில் பெயர் உள்ள வீடா? இந்தக் கேள்வி யாழ்ப்பாண மாநகர சபையையே ஆட்டியது.

2018 பெப்ரவரி 10ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில், தமிழ்த் தேசிய மக்கள் முன்னணி தன் மேயர் வேட்பாளராக முன்னிறுத்தியவர் சட்டத்தரணி விஸ்வலிங்கம் மணிவண்ணன். சபைக்கும் தெரிவானார். ஆனால் அவர் மாநகர எல்லைக்குள் வதிபவரல்லர், ஆகவே உறுப்பினராக இருக்கத் தகுதியில்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போடப்பட்டது. அதே 2018இல் நீதிமன்றம் அவர் உறுப்பினராகச் செயற்படுவதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மக்கள் வாக்களித்துவிட்டார்கள், பெயர் வர்த்தமானியில் வந்துவிட்டது, ஆயினும் ஆசனத்தில் உட்கார முடியவில்லை. எல்லாம் ஒரு விலாசத்தால்.

பிறகு தடை நீங்கியது. 2020 டிசம்பரில் அப்போதைய மேயர் இம்மானுவேல் ஆர்னோல்டின் வரவுசெலவுத் திட்டம் சபையில் தோற்க, புதிய மேயரைத் தெரிய வேண்டி வந்தது. டிசம்பர் 30ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் மணிவண்ணனுக்கு 21, ஆர்னோல்டுக்கு 20. ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில், எல்லைக்குள் இல்லை என்று தள்ளிவைக்கப்பட்டவர் அந்த மாநகரின் மேயரானார்!

இதில் யார் சரி, யார் பிழை என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நகரத்தின் எல்லைக் கோடு வரைபடத்தில் இருக்கிறது. மனிதர்களின் வாழ்க்கை அந்தக் கோட்டின்மேல் நடப்பதில்லை. ஒரே குடும்பத்தில் தாய் கோட்டுக்கு இந்தப் பக்கம், மகன் அந்தப் பக்கம் என்று இருப்பது நமக்கெல்லாம் வழக்கம். அரசியலில் எதிரி இருக்கும்வரை விலாசம் வெறும் விலாசமாக இருக்காது.

அதே யாழ்ப்பாணத்தைப் பற்றி நமக்கு இன்னொரு ஞாபகமும் உண்டு. 1955இல் அந்த மாநகரின் மேயராக இருந்தவர் எம்.எம். சுல்தான், நம்மவர். அந்த நகரத்தின் முஸ்லிம் குடும்பங்கள் அனைத்தும் 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, ஓரிரண்டு மணிநேர அவகாசத்தில், உடுத்த உடையோடு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வட மாகாணம் முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். பெரும்பாலானோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் ஒதுங்கினார்கள். அவர்களுடைய விலாசம் எது? பிறந்த வீடு யாழ்ப்பாணத்தில், பிள்ளை பிறந்த கொட்டில் புத்தளத்தில். புத்தளத்தில் பதிந்தால் சொந்த ஊரோடு உள்ள கடைசி நூலும் அறும். ஊரிலே பதிந்தால் இருக்கும் இடத்தில் விருந்தாளி. இந்த நிலைமைக்காகவே 2013இல், இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊர் இடாப்பிலேயே பதிவு பெற வழிசெய்யும் விசேட ஏற்பாட்டுச் சட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. வெளியேற்றப்பட்டு 23 வருடங்களுக்குப் பிறகு! அந்தக் கொட்டிலில் பிறந்த பிள்ளைக்கு அப்போது 23 வயது.

லயம் என்ற விலாசம்

மாமனாரின் தகரத்துக்கு மீண்டும் வருவோம். தோட்டத்து மக்களுக்கு விலாசம் இல்லாமற் போனது தற்செயலல்ல. அதை நான் வாசித்து அறிந்தபோது வெட்கமாக இருந்தது, இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்தும் தெரியாமல் இருந்தேனே என்று.

1931இல் நம் நாட்டுக்குச் சர்வசன வாக்குரிமை வந்தபோதே, இந்திய வம்சாவளியினர் இங்கேதான் நிரந்தரமாகக் குடியிருக்கிறோம் என்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் வந்துவிட்டன. அதைவிடக் கூர்மையானது 1937ஆம் ஆண்டின் கிராம சமூகங்கள் கட்டளைச் சட்டம். கிராம சபைத் தேர்தலில் இந்தியத் தோட்டத் தொழிலாளருக்கு வாக்கில்லை என்று எழுதப் பார்த்தார்கள். இனத்தின் பேரால் ஒதுக்குவதா என்று எதிர்ப்பு எழுந்தது. உடனே சொற்களை மாற்றினார்கள். இனத்தைச் சொல்லாமல், தோட்டத்து லயத்தில் குடியிருக்கும் தொழிலாளர்களை ஒதுக்குவதாக்கினார்கள். எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! இங்கே விலாசம் இல்லாததால் உரிமை போகவில்லை. அந்த விலாசமே உரிமையைப் பறித்தது.

அதற்குப் பிறகு 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம், 1949இல் வாக்குரிமை பறிப்பு, 1964 ஒக்டோபரின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 525,000 பேர் இந்தியாவுக்கு 300,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர்களைப் பங்கு பிரித்தது, மீதியை 1974இல் மறுபடி பிரித்தது, கடைசியில் 2003இல் நாடற்றவர்களுக்கெல்லாம் பிரஜாவுரிமை. இவையெல்லாம் நீங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், நான் விரித்துச் சொல்லவில்லை.

பாடப் புத்தகத்தில் இல்லாதது 33ஆம் பிரிவு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் இந்தப் பிரிவு காரணமாக, பிரதேச சபை தன் பணத்தைத் தோட்டத்துக்குள் தன் விருப்பப்படி செலவிட முடியவில்லை. தோட்டம் தனியார் நிலம், நிர்வாகத்தின் இணக்கம் வேண்டும். தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களித்தார்கள், உறுப்பினரையும் அனுப்பினார்கள். ஆனால் அந்த உறுப்பினர் தன் சொந்த லயத்துக்கு முன்னால் உள்ள பாதைக்கு ஒரு லோட் கல் கொட்டச் சொல்ல முடியாது. 2018இல் இந்தப் பிரிவு திருத்தப்படும்வரை 30 வருடங்கள் இதுதான் நிலைமை. சட்டம் திருந்திவிட்டதால் பாதையெல்லாம் மறுநாளே திருந்திவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம்.

வேட்புமனுவில் ஒரு தோட்டத்துப் பெண் தன் விலாசத்தை எழுதும்போது என்ன எழுதுவாள்? தோட்டத்தின் பெயர், பிரிவின் பெயர், ஊரின் பெயர். அந்தப் பிரிவில் பத்து லயம், ஒவ்வொரு லயத்திலும் பத்துப் பன்னிரண்டு காம்பரா, அதே பெயரில் மூன்று பெண்கள். ஒரு காம்பராவில் மூன்று குடும்பங்கள் இருக்க, ஒரே விலாசத்தில் பதினைந்து பேர் இருப்பதைக் கண்டு கொழும்பில் இருக்கும் உத்தியோகத்தர் புருவத்தை உயர்த்துவார்.

சிக்காகோவில் ஒரு திருமண உடை

இது நம் நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவின் சிக்காகோ நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள், சுவையான கதை.

ராம் இம்மானுவேல் என்பவர் ஜனாதிபதி ஒபாமாவின் தலைமை அதிகாரியாக 2009 ஜனவரியிலிருந்து 2010 ஒக்டோபர் வரை வொஷிங்டனில் இருந்தார். சிக்காகோ வீட்டை வாடகைக்குக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு போயிருந்தார். திரும்பி வந்து மேயர் தேர்தலில் நிற்கப் புறப்பட்டார். அங்கே சட்டம், தேர்தலுக்கு முன் ஓராண்டு காலம் நகரத்தில் வதிந்திருக்க வேண்டும் என்கிறது. வாடகைக்கு இருந்தவரோ வீட்டைக் காலி செய்ய மறுத்துவிட்டார்! வீட்டுக்காரருக்குத் தன் வீட்டுக்குள் போக முடியவில்லை.

விசாரணையில் அவர் என்ன சொன்னார் தெரியுமா? வீட்டின் நிலவறையில் எங்கள் பெட்டிகள் இருக்கின்றன, என் மனைவியின் திருமண உடை அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகளின் சின்ன வயது உடைகள் இருக்கின்றன, திரும்பி வரும் எண்ணம் இல்லாதவன் இவற்றை விட்டுப் போவேனா என்றார். மேன்முறையீட்டு மன்றம் 2011 ஜனவரி 24ஆம் திகதி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில், இவர் தகுதியற்றவர் என்றது. மூன்றே நாளில், 27ஆம் திகதி, மாநில உச்ச நீதிமன்றம் ஏகமனதாக அதை மாற்றியது. வதிவிடம் என்பது உடல் கிடக்கும் இடமல்ல, விட்டுவிடும் எண்ணம் இல்லாமல் வைத்திருக்கும் வீடு என்ற பொருளில் தீர்ப்பு அமைந்தது. பெப்ரவரி 22ஆம் திகதி அவர் வென்று மேயரானார்.

ஒரு பெரிய நகரத்தின் மேயர் பதவி ஒரு பெண்ணின் கல்யாண உடுப்பில் தொங்கிய கதை இது. நம்மில் எத்தனை பேரின் நிகாஹ் உடுப்பு இன்னும் உம்மா வீட்டு அலுமாரியில் இருக்கிறது! அந்த நீதிபதிகளிடம் போனால் நம் விலாசமெல்லாம் உம்மா வீடு என்றுதான் தீர்ப்பு வருமோ என்னவோ.

நான் செய்த பிழை

இனி என் கதை. என் கணவரின் மூத்த சகோதரி, என் மதினி, தெற்கே ஒரு கரையோர ஊரில் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவர். கணவர் மௌத்தான பிறகு இத்தாக் காலத்தை அங்கேயே முடித்துவிட்டு, தாய் வீட்டுக்கே வந்துவிட்டார். அது 2014. நன்றாகப் படித்தவர், சிங்களம் தண்ணீர் போலப் பேசுவார். தெருவில் யாருக்கு வைத்தியசாலைத் துண்டு வாசிக்க வேண்டுமானாலும், பிரதேச செயலகத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டுமானாலும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். தோட்டத்துப் பெண்களும் வருவார்கள், சிங்களப் பெண்களும் வருவார்கள்.

2018 தேர்தலுக்கு வேட்புமனு கோரிய நேரம், 2017 டிசம்பர். உள்ளூராட்சி சபைகளில் 25 சதவீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்ற சட்டம் வந்து முதல் தேர்தல் அது. அதற்கு முன்னெல்லாம் இந்தச் சபைகளில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தேறுவது கடினம். கட்சிக்காரர்கள் பெண்களைத் தேடி ஓடினார்கள். ஒரு கட்சியின் அமைப்பாளர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். மதினியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறார். மாமி முதலில் வாயைத் திறக்கவில்லை. மாமாதான், "அவள் விருப்பம்" என்றார்.

மதினி அன்று இரவு உறங்கவில்லை. சுபஹுக்கு எழும்பி வந்து என்னிடம், "தங்கச்சி, நான் நிற்கப் போகிறேன்" என்றார். கணவர் மௌத்தான பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் கண்டதில்லை.

அமைப்பாளர் இடாப்பைப் பார்த்துவிட்டு இரண்டு நாளில் திரும்பி வந்தார். குருவிட்ட இடாப்பில் மதினியின் பெயர் இல்லை. தெற்கே கணவர் வீட்டு இடாப்பில்தான் இருக்கிறது. மூன்று வருடமாக எங்கள் வீட்டில் இருப்பவர், எங்கள் சபை எல்லைக்குள் வாக்காளர் அல்லர். "இனி மாற்ற நேரமில்லை" என்று சொல்லிவிட்டு, தேநீரையும் குடிக்காமல் எழும்பிப் போனார்.

சகோதரிகளே, அந்த மூன்று வருடமும் கிராம சேவகர் கொண்டுவந்த வாக்காளர் கணக்கெடுப்புப் படிவத்தை நிரப்பியது யார்? நான்தான். மாமனார், மாமி, கணவர், நான் என்று நான்கு பெயர் எழுதினேன். முதல் வருடம் எழுதும்போது மாமியிடம், "மதினியின் பெயரையும் போடவா?" என்று கேட்டேன். "அவள் கொஞ்ச நாளைக்கு வந்திருக்கிறாள், எழுதிவைத்தால் இங்கேயே தங்கிவிட்டாள் என்று ஊர் பேசும்" என்றார் மாமி. தாயின் மனம், மகளுக்கு இன்னொரு வாழ்வு அமையும் என்று காத்திருந்தது. அடுத்த வருடம் நான் கேட்கவும் இல்லை. போன வருடத்துப் படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன். மதினி அப்போது அதே மேசையில் இருந்து என் மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் என்னை ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை. "நானும்தானே கேட்கவில்லை" என்றார். அடுத்த படிவம் வந்தபோது என்னிடம் தராமல் தானே வாங்கி, முதல் வரியில் வாப்பாவின் பெயரையும் இரண்டாவதில் தன் பெயரையும் எழுதினார். மாமி பார்த்துக்கொண்டிருந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளூராட்சித் தேர்தல் மறுபடி 2023 மார்ச் 9ஆம் திகதி என்று குறிக்கப்பட்டு, பணமில்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. அதில் மதினி நிற்கவில்லை. குருவிட்டவில் வாக்களித்தார்.

விலாசம் ஆபத்தாகும்போது

விலாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவளாவேன். பெண்ணொருத்தி பொது வாழ்க்கைக்கு வரும்போது அவள் வீடு எங்கே இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

யாழ்ப்பாணத்தின் முதல் பெண் மேயர் சரோஜினி யோகேஸ்வரன். 1998 ஜனவரியில் நடந்த தேர்தலில் தெரிவானார். கணவர் யோகேஸ்வரனை 1989இல் அமிர்தலிங்கத்தோடு சேர்த்துக் கொன்றிருந்தார்கள். பாதுகாப்புக்காகத் தனிமைப்பட விரும்பாமல் மக்களோடு இருந்த அந்த விதவையை, 1998 மே 17ஆம் திகதி அவர் வீட்டுக்கே வந்து சுட்டுக் கொன்றார்கள். பதவிக்கு வந்து சில மாதங்கள்கூட நிறையவில்லை.

இங்கிலாந்தில் வெகு காலமாக வேட்பாளரின் வீட்டு விலாசம் வாக்குச் சீட்டிலேயே அச்சிடப்பட்டு வந்தது. இவர் நம் ஊர்க்காரர்தான் என்று வாக்காளர் அறிய வேண்டும் என்பது நோக்கம். பாராளுமன்றத் தேர்தலில் விலாசத்தை மறைக்க 2009இல் வழி செய்தார்கள். 2016 ஜூனில் ஜோ கொக்ஸ் என்ற இளம் பெண் பாராளுமன்ற உறுப்பினர், இரண்டு சிறு பிள்ளைகளின் தாய், தன் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார். அது வீட்டில் நடந்ததல்ல. ஆனால் அரசியலில் இருப்போர் எதிர்கொள்ளும் மிரட்டல்களைப் பற்றி நாடே பேசத் தொடங்கியது. 2017 டிசம்பரில் பொது வாழ்வின் ஒழுக்க நெறிகளுக்கான குழு, உள்ளூராட்சி வேட்பாளர்களும் விலாசத்தை வெளியிடும் கட்டாயத்திலிருந்து விடுபட வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2019 மே மாதத் தேர்தலிலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. மேயர் தேர்தலுக்கும் அப்படியே. வேட்பாளர் தன் விலாசத்தைத் தேர்தல் அலுவலரிடம் தனிப் படிவத்தில் கொடுத்துவிட வேண்டும். விரும்பினால் வாக்குச் சீட்டில் வீட்டு இலக்கத்துக்குப் பதிலாக எந்தப் பகுதியில் வசிக்கிறார் என்று மட்டும் இருக்கும்.

என் கண்ணுக்கு இது நல்ல ஏற்பாடாகவே படுகிறது. ஊரில் இருக்கிறாளா என்பது ஊராருக்குத் தெரிய வேண்டும். எந்தக் கதவைத் தட்டினால் அவள் தனியாக இருப்பாள் என்பது தெரிய வேண்டியதில்லை. தேர்தல் காலத்தில் இரவு பத்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் ஹோர்ன் அடித்துவிட்டுப் போகும் வீரர்களை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

முச்சக்கர வண்டிக்காரர் மேயரான நகரம்

சிறு பிழைதானே என்று எண்ணுபவர்களுக்காக இன்னொன்று. 2006இல் கொழும்பு மாநகர சபைத் தேர்தலுக்கு ஐக்கிய தேசியக் கட்சி கொடுத்த வேட்புமனு, ஒரு வேட்பாளரின் வயது தொடர்பான குறைபாட்டால் நிராகரிக்கப்பட்டது. கொழும்பு அந்தக் கட்சியின் கோட்டை. வேறு வழியில்லாமல், மூக்குக் கண்ணாடிச் சின்னத்தில் நின்ற ஒரு சுயேச்சைக் குழுவுக்கு வாக்களிக்கும்படி தம் ஆதரவாளர்களைக் கேட்டார்கள். அந்தக் குழு வென்றது. தலைநகரின் மேயராக வந்தவர் உவைஸ் மொஹமட் இம்தியாஸ், முச்சக்கர வண்டி ஓட்டியவர். அவர் ஏழை என்பதால் சிரித்தவர்கள் பலர். எனக்கு அதில் சிரிப்பு வரவில்லை. தெருவை அவரைவிட நன்றாக அறிந்த மேயர் யார் இருந்திருப்பார்? ஆனால் ஒரு பெரிய கட்சி, சட்டத்தரணிகள் நிறைந்த கட்சி, ஒரு படிவத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. அப்படியிருக்க, சமையலறை மேசையில் வைத்து நாம் நிரப்பும் படிவத்துக்கு யார் பொறுப்பு?

ஆகவே அடுத்த முறை அந்தப் படிவம் வீட்டுக்கு வரும்போது, அதை வாப்பாவோ கணவரோ தனியே நிரப்பிக் கொடுத்தனுப்ப விடாதீர்கள். அருகே இருந்து பாருங்கள். 18 வயது நிறைந்த மகளின் பெயர் இருக்கிறதா? வாக்களிக்கவும் உள்ளூராட்சி சபைக்குப் போட்டியிடவும் அந்த வயதே போதும். கட்டிக் கொடுத்த மகள் எந்த ஊரில் பதிந்திருக்கிறாள்? மணமுடித்து வந்த மருமகளின் பெயர் இன்னும் அவள் உம்மா வீட்டில் இருக்கிறதா? கணவர் வீட்டைவிட்டுத் திரும்பி வந்த பெண்ணை எந்த வீட்டார் எழுதியிருக்கிறார்கள்? பல நேரங்களில் எந்த வீட்டாரும் எழுதியிருக்க மாட்டார்கள். இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேர்தல் ஆணைக்குழுவின் இணையதளத்திலேயே பார்க்கலாம். கைபேசியில் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் பார்த்துத் தருவார்கள். பெயர் விடுபட்டிருந்தால் உரிமைக் கோரிக்கை கொடுக்கக் காலம் ஒதுக்கப்படுகிறது. அந்தக் காலத்துக்குள் கிராம சேவகரிடமோ மாவட்டத் தேர்தல் அலுவலகத்திலோ கேளுங்கள். வேட்புமனு நேரத்தில் ஓடி ஒன்றும் ஆகாது. அதை எங்கள் மதினி அறிவார்.

உங்கள் வீட்டுக்கு உதவிக்கு வரும் தோட்டத்துப் பெண்ணிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவளுடைய காம்பராவுக்கு அந்தப் படிவம் வந்ததா, அதில் அவள் பெயர் உண்டா என்று.

மாமனார் மௌத்தாகி வருடங்கள் ஆகிவிட்டன. கடையை இப்போது என் கணவர் பார்க்கிறார். பிஸ்கட் தகரம் துருப்பிடித்ததால் ஒரு பிளாஸ்டிக் டப்பா வைத்திருக்கிறோம். போன மாதம் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியின் பெயருக்கு, எங்கள் கடை விலாசத்தில். தோட்டத்துக்குப் போகும் ஓட்டோவில் மதினியே ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். வரும்போது, "நல்ல பிள்ளை, அடுத்த வருடம் பதினெட்டாகிறது, இடாப்புப் படிவத்தைப் பற்றியும் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்" என்றார்.